நம் பக்கத்து லாரிக் கம்பெனிகள்: சாரதியர் நினைவில் உள்ளபடி

நமது சங்கப் பத்திரிகையைத் திங்கள்தோறும் படித்துவரும் அன்பர்கள், நம்மவருள் தொழில் நடத்தி மேம்பட்ட பெரியார்கள் பலரின் வரலாறுகள் இதன்கண் வெளிவந்தமையை நன்கறிவார்கள். அவை வேண்டுவனவே. ஆயினும் அவற்றைப் படிக்குந்தோறும் எமக்கு ஒரு குறை தோன்றிக்கொண்டே இருந்தது. முதல் லாரி வாங்கினவர் பெயர் அங்கே உண்டு. வாங்கிய ஆண்டு உண்டு. கோயில் திருப்பணிக்கு அவர் அளித்த தொகையும் உண்டு. அந்த லாரியை இரவும் பகலும் ஓட்டிச் சென்றவர் பெயர் மட்டும் ஓரிடத்தும் இல்லை. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் ஆகிய ஊர்களைச் சூழ்ந்துள்ள நம் குடும்பங்களை எண்ணிப் பார்ப்பின், லாரிக்கு உடையவரைத் தந்த வீடு ஒன்றாயின், சாரதியையோ கிளீனரையோ தந்த வீடு பலவாகும் என்பதை யாவரும் ஒப்புவர்.

யாம் தமிழ் பயின்று, பிள்ளைகளுக்கு இலக்கணஞ் சொல்லிப் பிழைப்பவரேயன்றி மோட்டார்த் தொழிலில் யாதும் அறிந்தவரல்லோம். எம் தாய்மாமன் 1957-ஆம் ஆண்டு பதினான்காம் வயதிற் கிளீனராகச் சேர்ந்து, 1963 முதல் 1989 வரை இருபத்தாறு ஆண்டுகள் ஒரே கம்பெனியில் சாரதியாக இருந்தவர். இப்பொழுது எண்பதைக் கடந்துவிட்டார். கண்பார்வை குறைந்ததேயன்றி நினைவு குறையவில்லை. சென்ற கோடை விடுமுறையில் அவரிடத்தும், அவரோடு ஒத்த முதியோர் சிலரிடத்தும் இருந்து கேட்டு, மூன்று குறிப்பேடுகள் எழுதிக்கொண்டோம். அவற்றுள் முதலிரண்டைத் துணையாகக்கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

கூலிக்குப் பாரம் ஏற்றிச் செல்லுதல் நம் நாட்டிற்குப் புதிய தொழிலன்று. உப்பு வணிகராகிய உமணர் எருது பூட்டிய வண்டிகளில் மேடும் பள்ளமுமாகிய வழிகளிற் சென்றதையும், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைச் சேமமாகக் கட்டிக்கொண்டு போனதையும் புறநானூற்றின் 102-ஆம் பாட்டிற் காண்கின்றோம். பாடியவர் ஔவையார், அவ்வச்சுக்கு ஒப்பாகப் பாடப்பட்டவன் அதியமான் மகனாகிய பொகுட்டெழினி. அதியமானின் தகடூராவது இக்காலத்துத் தருமபுரி. எம் மாமன் எண்ணிறந்த முறை ஏறியிறங்கிய தொப்பூர்க் கணவாய் அந்தத் தருமபுரி வழியிலேதான் உள்ளது. இச்செய்தியை அவரிடஞ் சொன்னபோது அவர் சிறிதும் வியக்கவில்லை. ஸ்டெப்னி இல்லாமல் வண்டி எடுக்கிறவன் எவன் என்றே கேட்டார். அந்த ஸ்டெப்னி என்னுஞ் சொல்லும் வேடிக்கையானது. வேல்ஸ் நாட்டு லனெல்லி என்னும் நகரில், 1904-ஆம் ஆண்டு மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கியவர்களின் பட்டறை இருந்த தெருவின் பெயர் அது. அந்தத் தெருவைக் கனவிலும் கண்டிராத நம் ஊர்க் கிளீனர் நாள்தோறும் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நிற்க. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத்தொடங்கிய ரயில், 1860-களின் தொடக்கத்திற் சேலம், சங்ககிரி துர்க்கம், ஈரோடு வழியாக மேற்குக் கடற்கரை வரை நீண்டுவிட்டது. ரயில் வந்தமையால் வண்டிக்காரர் பிழைப்பு ஒழிந்துபோம் என எண்ணினோர் இருந்திருக்கலாம். நிகழ்ந்தது அதற்கு மாறானது. ரயில் செல்லாத ஊர்களே மிகுதியாதலின், ஸ்டேஷனிலிருந்து அவ்வூர்களுக்குச் சரக்கைக் கொண்டுசெல்ல முன்னிலும் பல வண்டிகள் வேண்டியிருந்தன. நாமக்கல் நகருக்கு ரயில் வந்தது 2013-ஆம் ஆண்டிலேதான் என்பதை இளைஞர் நினைவிற் கொள்ளவேண்டும். நாடெங்கும் லாரிக்குப் பேர்பெற்ற ஊர், ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ரயிலின்றி இருந்த ஊர். இவ்விரண்டுஞ் சேர்ந்திருத்தல் தற்செயல் அன்றென்பது எம் கருத்து.

எம் தாயைப் பெற்ற அப்புச்சி சங்ககிரி ஸ்டேஷனிலிருந்து திருச்செங்கோட்டுக்குப் பார வண்டி ஓட்டியவர். வண்டிச் சத்தம் இன்னதென்று மூட்டைக் கணக்கிற் பேசிக்கொள்வார்களாம். சரக்குக்கு நேருங் கேட்டுக்கு ஏற்றிச் செல்வோர் எவ்வளவு பொறுப்பாவர் என்பதை வரையறுத்து 1865-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்யப்பட்டிருந்தது. அச்சட்டம் 2011-ஆம் ஆண்டு புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை நிலவியது. ஆகவே அப்புச்சியின் எருத்து வண்டிக்கும், அவர் மகன் ஓட்டிய டீசல் லாரிக்கும் சட்டம் ஒன்றே!

தென்னாட்டில் மோட்டார்ப் போக்குவரவுக்கு அடிகோலினவராகப் போற்றப்படுபவர் திருக்குறுங்குடி டி. வி. சுந்தரம் ஐயங்கார் அவர்கள். 1912-ஆம் ஆண்டு மதுரையில் பஸ் நடத்தத் தொடங்கிய அவர், 1955-ல் காலஞ்சென்றபோது சதர்ன் ரோட்வேஸ் என்னும் பெயரில் பஸ்களையும் லாரிகளையும் உடைய பெருநிறுவனத்தை விட்டுச் சென்றார். மேற்கே பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் அவர்கள் 1931-ல் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட்டைத் தொடங்கினார்கள். இவை பலரும் அறிந்தன. இவற்றைப்பற்றி எழுதினோரும் உளர். யாம் சொல்லவந்தது இத்தகைய பெருமரங்களைப்பற்றியன்று. இவற்றின் காலத்தில் ஊர்தோறும் பத்து லாரி, இருபது லாரி என்று தழைத்துப் பின்னர் வேரோடு மறைந்த சிறு கம்பெனிகளைப்பற்றியே.

அக்கம்பெனிகள் அந்தந்தப் பக்கத்துக்கே உரியனவாய் அமைந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம் லாரிகளைப் பிறர் சரக்கை ஏற்றுவன, தம் சரக்கையே ஏற்றுவன என இருவகையாகப் பிரித்து, வெவ்வேறு பர்மிட் பெறவேண்டுமென விதித்தது. பழைய லாரிகளின் நெற்றியில் ‘பப்ளிக் காரியர்’ என்று எழுதியிருந்தது இதனாலேதான். ஓரிடத்துப் போக்குவரத்து அதிகாரி அளித்த பர்மிட், மற்றோர் அதிகாரியின் எல்லைக்குள்ளே செல்லவேண்டுமாயின் அவருடைய மேலொப்பம் வேண்டும். ஆதலின் சேலத்து லாரி சேலத்தைச் சுற்றியும், கோயமுத்தூர் லாரி கோயமுத்தூரைச் சுற்றியும் ஓடின. ஒரு கம்பெனியின் பெயரைக் கேட்ட அளவிலே அஃது எவ்வூருடையது, எந்த மண்டிக்குச் சரக்குக் கொண்டுபோவது என்பதை எல்லாருஞ் சொல்லிவிடுவர்.

உடனே போர் வந்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அடுப்புக் கரியைக்கொண்டு ஓடும் வண்டிகள் அக்காலத்திலே பெருகின. சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தாரும் அத்தகைய கரிவாயுக் கருவிகளைச் செய்து கொடுத்தனர். அப்புச்சி எருதுகளை விற்றுவிட்டுக் கரி லாரியிற் கிளீனராகச் சேர்ந்தது அப்பொழுதுதான். வண்டியோடு பொருத்திய உருளையான உலையிற் கரியை நிரப்பி மூட்டி, விசிறியைக் கையாற் சுழற்றவேண்டும். போதிய காற்றின்றிப் புழுங்கி எரியுங் கரியினின்று எழும் வாயு வடிகட்டியின் வழியே சென்று எஞ்சினை அடையும். வாயு பதப்பட்டு எஞ்சின் பிடிக்குமுன் நெடுநேரங் கழிந்துவிடும். மேட்டிலே வண்டி ஏறாது. கிளீனர் இறங்கித் தள்ளவேண்டும், நடுவழியில் உலையைக் கிளறவேண்டும், சாம்பலை வாரவேண்டும். அவ்வாயு நச்சுடையது, வண்டியருகே காற்றோட்டமின்றிப் படுத்தால் உயிர்க்கே கேடு. அப்புச்சி வீடு திரும்பும்போது பல்லும் கண்ணுமே வெளுத்திருந்தனவாம். அடுப்பூதுவது பெண்கள் வேலை என்று ஏளனஞ் செய்த ஊரார்க்கு அவர் சொன்ன மறுமொழி எம் குறிப்பேட்டில் உள்ளது. பத்திரிகைக்கு ஏற்றதன்று, விடுக்கின்றோம்.

போர் முடிந்தபின் ராணுவத்தார் கழித்த வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. அவற்றை வாங்கி, மரத்தாற் கூடு கட்டி, நெற்றியிற் பெயரெழுதித் தொழில் தொடங்கினோர் பலர். 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஏற்பட்டது. முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய அந்நிறுவனம், பின்னர் ஆங்கில நாட்டு லேலண்ட் கம்பெனியாரோடு சேர்ந்து 1955-ல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிற்று. அவர்களுடைய காமெட் லாரி இப்பக்கத்தாருக்குப் பேரன்புக்குரியது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனத்தார் ஜெர்மானிய பென்ஸ் கம்பெனியாரின் துணையோடு லாரி செய்யத்தொடங்கியது 1954-ல். அவ்வொப்பந்தம் 1969-ல் முடிந்து, முகப்பிலிருந்த மூன்று முனை நட்சத்திரமும் போயிற்று. ஆயினும் எம் மாமனும் அவர் தோழர்களும் இன்றுவரை டாட்டா வண்டியைப் பென்ஸ் என்றே சொல்லுகின்றனர்.

இவ்விடத்தில் நினைவின் உறுதியைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். முதியவரொருவர் தம் தந்தையார் சுதந்திரத்துக்கு முன்னரே பென்ஸ் லாரி ஓட்டினாரென்று எம்மிடம் ஆணையிட்டுச் சொன்னார். மேலே காட்டிய ஆண்டுகளை நோக்க, டாட்டா செய்த பென்ஸ் லாரி அக்காலத்தில் இருந்திருக்க இயலாது. வேறொரு சீமை வண்டியாக இருந்திருக்கவேண்டும். ஆனால் அவர் அவ்வண்டியின் கியர் எப்படி விழும், எந்த மேட்டில் எஞ்சின் சூடேறும், கைப்பிடி போட்டுச் சுழற்றும்போது எத்தனையாஞ் சுற்றிற் பிடிக்கும் என்பனவற்றையெல்லாம் தந்தையார் வாயாற் கேட்டபடி ஐயமறச் சொன்னார். ஏட்டுச்சுவடி பார்த்தவர்க்கு இது புதிதன்று. ஒரு சுவடியில் ஒரு சொல் திரிந்திருப்பதனால் சுவடி முழுவதையும் எறிந்துவிடுவாரில்லை. வேறு சுவடியோடு ஒப்புநோக்கிப் பாடபேதங் குறித்துக்கொள்வர். சாரதியர் நினைவையும் யாம் அவ்வாறே கொண்டோம். ஆண்டிலும் எண்ணிலும் பேதம் மிகுதி. வழியிலும் வண்டியிலும் மனிதரிலும் பேதம் அரிது.

இனிக் கம்பெனி என்பது எவ்வாறிருந்ததென்று பார்ப்போம். கடைவீதியை ஒட்டி ஒரு புக்கிங் ஆபீஸ், பின்னால் கோடவுன், முன்னால் வண்டி நிற்குமிடம். கணக்குப்பிள்ளை மூட்டையைத் தராசிலிட்டு, அதன்மேல் வியாபாரியின் குறியை மையாலெழுதி, லாரி ரசீது போடுவார். ஜவ்வரிசி, பருத்தி, வெல்லம், பருவத்தில் மாம்பழம், பின்னாளிற் சங்ககிரி சிமெண்ட், நாமக்கல் முட்டை என இவையே நம் பக்கத்துச் சரக்குகள். மூட்டையடுக்கித் தார்ப்பாய் மூடிக் கயிறு கட்டுவது தனிக்கலை. கயிற்றை இறுக்கும்போது சாரதி தாமே நின்று பார்ப்பாரன்றிப் பிறரிடம் விடார். வளைவிலே பாரம் ஒருபுறம் சாயுமாயின் அதனால் வருங் கேடு அவருக்கே.

கிளீனராய்ச் சேர்ந்த சிறுவனுக்குச் சம்பளம் என்று ஒன்றிராது. சோறும், கிழிந்தபின் ஓர் அரைக்காற் சட்டையும், தீபாவளிக்குப் புதுத்துணியும் கிடைக்கும். வண்டி கழுவுதல், கிரீஸ் வைத்தல், ராத்திரி தார்ப்பாய்மேற் படுத்துச் சரக்கைக் காத்தல் இவை அவன் கடமை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரும்பு லிவரால் டயரைத் தட்டி ஓசையறிந்து காற்றுக் குறைவைச் சொல்லவேண்டும். யாப்பிலக்கணம் படித்த யாம் ஓசை பற்றி மாணவர்க்கு நாளெல்லாம் சொல்லிவருகின்றோம். ஆறு டயரில் எது தளர்ந்ததென்று காதாற் கண்டறிந்த அச்சிறுவனின் ஓசையறிவு எமக்கில்லை. நான்கைந்து ஆண்டு கழித்து, நடுநிசியில் ஆளற்ற நேர்ச்சாலையில், முதலாளிக்குத் தெரியாமல் சாரதி ஒருநாள் ஸ்டியரிங்கை அவன் கையிற் கொடுப்பார். அந்த இரவை மறந்த சாரதி ஒருவரையும் யாம் சந்திக்கவில்லை. எம் மாமனுக்கு அது குமாரபாளையத்துக்கும் பவானிக்கும் இடையிலே வாய்த்தது. பக்கத்தில் உறங்குவதுபோற் கிடந்த குரு, பாலம் நெருங்கியவுடன் கண்ணைத் திறவாமலே கையை மட்டும் நீட்டி ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டாராம்.

வழியறிவும் வாய்ப்பாடமே. நிகண்டை யாம் இளமையில் மனனஞ் செய்ததுபோல அவர்கள் ஊர்வரிசையை மனனஞ் செய்தனர். பம்பாய் வழியை மாமன் இன்றுங் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்: தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர், தும்கூர், சித்திரதுர்க்கம், தாவணகெரே, ஹூப்ளி, தார்வாட், பெல்காம், நிபாணி, கோலாப்பூர், சதாரா, பூனா, கண்டாலா. ஒவ்வோர் ஊர்க்கும் ஓர் உரையும் உண்டு. இங்கே தண்ணீர் நன்று. இங்கே டயர்க்காரன் யோக்கியன். இந்தச் செக்போஸ்ட்டில் விடியற்காலையிற் போனால் தொல்லையில்லை. இவ்வளைவில் ஹாரன் அடியாமற் போகாதே.

மலைவழிகளைப்பற்றிச் சொல்லும்போது அவர்கள் குரல் தாழ்ந்துவிடுகின்றது. சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் செல்லும் திம்பம் வழியில் கொண்டையூசி வளைவுகள் 27. பாரத்தோடு ஏறும் பழைய லாரி ஒரே மூச்சில் வளைவைத் திரும்பாது. பின்னுக்கு வாங்கி மறுபடியும் ஏறவேண்டும். அப்போது பிரேக் நழுவினாற் பள்ளத்தாக்கே கதி. ஆதலாற் கிளீனர் பெரிய மரக்கட்டையொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பின்சக்கரத்தின் ஓரமாகவே நடந்து வருவான். வண்டி நின்ற கணத்திலே கட்டையைச் சக்கரத்தடியிற் செருகவேண்டும். செருகுங் கை சிறிது பிந்தினால் வண்டி போம். சிறிது முந்தினாற் கை போம். எம் மாமனின் இடக்கையிற் சுண்டுவிரல் இல்லாமை எமக்குப் பிள்ளைப்பருவ முதலே தெரியும். அது திம்பத்திலே கழிந்ததென்பதைச் சென்ற கோடையிலேதான் அறிந்தோம். பள்ளியிற் படிக்கும் நாளில் மாமன் என்ன உத்தியோகம் என்று கேட்ட தோழர்களுக்கு ‘கம்பெனியில் வேலை’ என்று மட்டும் யாம் சொல்லிவந்ததையும் இங்கே மறையாமல் எழுதிவிடுகின்றோம்.

தொப்பூரோ இறக்கத்தாற் கொடியது. கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்து இறக்கவேண்டும். டீசலை மிச்சம்பிடிக்க விரும்பி நியூட்ரலில் விட்டவர்களின் பெயரை முதியோர் எண்ணிச் சொல்லுகின்றனர்; அனைவரும் இறந்தவர்.

முதலாளிமாரைப்பற்றிய நினைவுகளும் பலவகை. இரவு இரண்டு மணிக்கு வண்டி வந்து நின்றாலும் தாமே விளக்கெடுத்து வந்து, சாப்பிட்டாயா என்று கேட்ட பின்பே சரக்கைப்பற்றிக் கேட்ட முதலாளி ஒருவர். டாங்கிற் கோலைவிட்டு டீசல் அளந்து, கோலின் நனைவு விரற்கடை குறைந்தாலும் பேட்டாவிற் பிடித்த முதலாளி மற்றொருவர். ஆயுத பூசையன்று எல்லா வண்டிகளையும் வரிசையாக நிறுத்திச் சந்தனமிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து, முதல் வண்டியின் ஸ்டியரிங்கைத் தம் மகனிடங் கொடாமல் மூத்த சாரதியிடமே கொடுத்தவர் இன்னொருவர். இவ்வரலாறுகளுள் ஒன்றேனும் அவர்கள் குடும்பத்தார் வெளியிட்ட மலர்களில் இல்லை. நல்ல செய்தியும் விடுபட்டதே என்றுதான் வருந்துகின்றோம்.

சாரதியை ஊரார் கம்பெனிப் பெயராலேயே அழைத்தனர். திருமண அழைப்பிதழிலும் அவ்வாறே அச்சிட்டனர். இன்ன கம்பெனி என்று லாரி நெற்றியில் எழுதியிருந்த பெயரே அவருக்கும் முகவரி. இப்பொழுது சொல்லப்போவதன் பொருட்டே இதனை வற்புறுத்தினோம்.

1971, 1972-ஆம் ஆண்டுகளிற் பெரிய பஸ் நிறுவனங்களின் பஸ்கள் அரசாங்கத்துடைமையாயின. மதுரையிற் பாண்டியன் பெயராலும், கோயமுத்தூரிற் சேரன் பெயராலும் போக்குவரத்துக் கழகங்கள் ஏற்பட்டன. லாரிகளை யாருந் தொடவில்லை. எனினும், பெரிதாயிருத்தல் ஆபத்து என்ற எண்ணம் அன்று முதலாளிமாரிடம் வேரூன்றியதாக முதியோர் கூறுகின்றனர். தொழிலாளர் சட்டங்களும் எண்ணை நோக்கியே அமைந்திருந்தன. 1961-ஆம் ஆண்டு மோட்டார்த் தொழிலாளர் சட்டம் ஐவரும் அதற்கு மேற்பட்டோரும் வேலைசெய்யும் நிறுவனங்களுக்கே உரியதாயிருந்தது. வேலைநீங்குங் காலத்து ஆண்டுக்குப் பதினைந்து நாட்சம்பளம் வீதம் பணிக்கொடை அளிக்கவேண்டுமென்ற 1972-ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப்பேர் உள்ள இடத்துக்கே உரியதாயிருந்தது. பின் 1975-ல் நேஷனல் பர்மிட் ஏற்பாடு வந்து, ஒரே லாரி பல மாநிலங்களுக்குச் செல்லலாயிற்று. சாரதியாயிருந்தவர் கடன் வாங்கித் தாமே ஒரு வண்டிக்கு உடையவரானார். கம்பெனிகள் வண்டியை விற்றுவிட்டுப் பிறர் வண்டிக்குச் சரக்குப் பிடித்துத் தரும் ஆபீஸ்களாயின. பக்கத்துக் கம்பெனி என்ற அமைப்பே தேய்ந்தது.

எம் மாமன் வேலை பார்த்த கம்பெனி 1989-ல் மூடப்பட்டது. அந்நிறுவனத்தார் நம்மவரே, பெயர் குறியோம். இருபத்தாறு ஆண்டுக்கும் பணிக்கொடை கேட்டு அவர் விண்ணப்பித்தார். அப்போது வெளிப்பட்டதுதான் வியப்பு: அப்படியொரு கம்பெனியே காகிதத்தில் இல்லை. பதினெட்டு லாரிகளும் தமையன், தம்பி, மனைவிமார், மைத்துனன் எனப் பலர் பெயரிற் பதிவாகியிருந்தன. ஒவ்வொருவரும் மூன்று லாரியோ நான்கு லாரியோ உடைய தனி முதலாளி. ஒவ்வொருவரிடத்தும் வேலைசெய்தோர் பதின்மருக்குக் குறைவு. நெற்றியில் எழுதியிருந்த பெயர் வெறும் அலங்காரம் என்று சொல்லப்பட்டது. மாமன் ஆண்டுக்கொரு வண்டி மாறி ஓட்டினவராதலின், எந்த முதலாளியிடத்தும் தொடர்ந்து ஐந்தாண்டு வேலைசெய்தவராகவுங் கணக்கில் வரவில்லை.

அவரிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதனுள் டிரிப் ஷீட்டுகளின் கார்பன் படிகளைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார். புறப்பட்ட நாள், நேரம், லாரி எண், சரக்கு, பேட்டா யாவும் அவற்றிலுண்டு. ஒவ்வொன்றின் தலைப்பிலும் கம்பெனிப் பெயர் ஒன்றே அச்சிடப்பட்டிருந்தது. நான்காண்டு அலைந்தார். பாதித் தாள்களில் மை மறைந்துபோயிருந்தது. இறுதியில் நம் பெரியோர் சிலர் நடுவிருந்து பேச, மூத்த முதலாளி ஒரு தொகையைக் கையிற் கொடுத்தார். எழுத்து ஏதும் இல்லை. சட்டப்படி வந்திருக்கவேண்டியதைவிட அது மிகக் குறைவு. எம் அத்தை அதனைத் தம் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டேயிருந்து மறைந்தார். மாமனோ இன்றும் ‘நம்ம கம்பெனி’ என்றே பேசுகின்றார். அந்த மூத்தவர் இறந்தபோது பாடையைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். இது எமக்கு நெடுநாள் விளங்கவில்லை. இப்பொழுதும் முற்றும் விளங்கிற்றென்று சொல்லமாட்டோம்.

ஆனால் வரலாறு எழுதப் புகுவோர்க்கு இதிலொரு சிக்கல் உளது. பதிவுப் புத்தகங்களையும் பர்மிட்டுகளையும் நம்பி எழுதுவோமாயின், இருபத்தாறு ஆண்டு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் சரக்கனுப்பிய ஒரு கம்பெனி இருந்ததில்லையென்றே எழுதவேண்டிவரும். அஃது இருந்ததற்குச் சான்று சாரதியர் நினைவும், ஒரு தகரப்பெட்டியுமே. ஆங்கில நாட்டில் 1948-ல் நெடுவழி லாரிக் கம்பெனிகளை அரசாங்கத்தார் ஏற்று ஒன்றாக்கி, 1953-க்குப்பின் மீண்டும் தனியாரிடம் விற்கலாயினர். ஆங்கே கணக்கும் பதிவும் செவ்வையாக உள்ளன. அங்ஙனமிருந்தும் பழைய சாரதியர் தத்தம் கம்பெனிகளைப்பற்றிச் சொல்லுவனவற்றை அந்நாட்டார் எழுதி வைக்கின்றனர். பழைய லாரிகளைப் புதுக்கி ஆண்டுதோறும் கூடுகின்றனர். பதிவே பொய்யாயிருக்கும் இடத்தில் நாம் எழுதாதிருக்கின்றோம்.

நம் சங்கத்தின் மலர் தொகுக்கப்படுமாயின், உடையவர் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அவருடைய வண்டிகளை ஓட்டினவர் பெயர்களையும் அச்சிடவேண்டுமென்று நிர்வாகிகளை வேண்டுகின்றோம். எவர் வீட்டிலேனும் டிரிப் ஷீட், லாரி ரசீது, பழைய லைசென்ஸ், ஆயுத பூசைப் படம் இருப்பின் எரித்துவிடாமல் வைத்திருக்கவேண்டும். ஞாயிறுதோறும் யாமே வந்து பார்த்துப் படியெடுத்துக்கொள்வோம். கார்பன் படிகளை வெயிலில் வைத்தலாகாது.

சென்ற வைகாசியில் மாமனை மருத்துவத்தின்பொருட்டுப் பெங்களூருக்குக் காரில் அழைத்துச் சென்றோம். 2017-ல் புதிய வரிமுறை வந்தபின் விற்பனைவரிச் செக்போஸ்ட்டுகள் ஒழிந்தன. சுங்கச்சாவடியிற் பணங்கொடுப்பதும் போய்க் கண்ணாடியில் ஒட்டிய சீட்டே வழிதிறக்கின்றது. அவர் இவற்றைப் பாராட்டியும் பேசவில்லை, பழித்தும் பேசவில்லை. வருகையில் தொப்பூர் இறக்கம் தொடங்கியதும், உறங்கிக்கொண்டிருந்தவர் விழித்து, கார் ஓட்டிய எம் மகனிடம், ‘தம்பி, கியரைக் குறை’ என்றார். அவன் குறைத்தான்.

மூன்றாங் குறிப்பேட்டிலுள்ள கல்கத்தா வழியையும், ஜவ்வரிசி லாரிகளின் செய்தியையும் பிறிதொரு திங்களில் எழுதுவோம்.